கம்ப்யூட்டரில் செருகினால் சார்ஜ் ஏறாத போன்

தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு சிறிய ஊரில் ஜெராக்ஸ், டி.டி.பி., ஆன்லைன் விண்ணப்பம் என்று ஒரு கடை நடத்துகிறேன். பட்டா, வருமானச் சான்றிதழ், ஆதாரில் முகவரி மாற்றம் என்று எதை எடுத்தாலும் இப்போது ஒரு ஓடிபி வர வேண்டியிருக்கிறது. ஓடிபி வர வேண்டுமென்றால் போன் ஆன் ஆகி இருக்க வேண்டும். வேலையை விட்டுவிட்டு, பஸ் ஏறி வந்தவருடைய போன் கடை வாசலில் அணைந்துபோனால் அவருக்கு அன்றைய கூலியும் போய்விடும், வந்த வேலையும் நடக்காது. அதனால் சார்ஜ் ஏறாத போனை நான் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்வதில்லை.

கடையில் உள்ள ப்ளக் பாயின்ட்டுகளை ஜெராக்ஸ் மெஷினும் பிரின்டரும் லேமினேஷன் மெஷினும் பிடித்துக்கொள்ளும். மிச்சம் இருப்பது கம்ப்யூட்டரின் யூஎஸ்பி போர்ட்தான். "அண்ணே, இதுல கொஞ்சம் போட்டுக்கவா?" என்று கேட்டுத்தான் எல்லோரும் செருகுவார்கள். பலருக்கு ஏறும், சிலருக்கு ஏறாது. அப்படி ஏறாத போன்களைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

"சார்ஜ் ஏறலை" என்று ஒருவர் சொன்னதும் கேபிளை மாற்றவோ போனை ரீஸ்டார்ட் செய்யவோ போகாதீர்கள். செருகினால் திரையில் என்ன நடக்கிறது என்று முதலில் பாருங்கள். ஒன்றுமே காட்டாமல் இருப்பது ஒரு வகை. மின்னல் குறி வருகிறது, ஆனால் சதவீதம் ஏறவில்லை அல்லது இறங்கிக்கொண்டே போகிறது, இது வேறு வகை. வருவதும் போவதுமாக, கம்ப்யூட்டர் டிங் டிங் என்று விடாமல் சத்தம் போடுவது மூன்றாவது வகை. மூன்றுக்கும் ஒரே வார்த்தைதான் சொல்கிறோம், ஆனால் கோளாறு இருக்கும் இடம் வேறு வேறு. இதைப் பிரிக்காமல் ஆரம்பித்தால் நல்ல போனைக் கழற்றி வைத்துவிட்டு, கெட்டுப்போன கேபிளைப் பத்திரப்படுத்துவதில் போய் முடியும்.

அதிகம் வருவது அந்த இரண்டாவது வகை. அதைப் புரிந்துகொள்ள யூஎஸ்பி போர்ட் எதற்காக வந்தது என்று தெரிய வேண்டும். 1996-ல் யூஎஸ்பி வந்தபோது அது மவுஸ், கீபோர்டு, பிரின்டர் போன்றவற்றுக்கான இணைப்பு. கூடவே சின்னச் சாதனங்கள் ஓட 5 வோல்ட் மின்சாரமும் கொடுத்தார்கள். அந்த மின்சாரத்துக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. செருகிய உடனே ஒரு சாதனம் 100 மில்லி ஆம்பியர் மட்டும்தான் எடுக்கலாம். அதன்பின் கம்ப்யூட்டருடன் பேசி, "நான் இன்ன சாதனம், எனக்கு இவ்வளவு வேண்டும்" என்று சொல்லி அனுமதி வாங்கினால் 500 மில்லி ஆம்பியர் வரை எடுக்கலாம். 2000-ல் வந்த யூஎஸ்பி 2.0-விலும் இதே கணக்குதான். 2008-ல் வந்த யூஎஸ்பி 3.0 இதை 900 ஆக்கியது. உள்ளே நீல நிறமாக இருக்கும் போர்ட் பெரும்பாலும் இந்த வகை. ஆனால் அந்த 900, யூஎஸ்பி 3.0 வேகத்தில் பேசத் தெரிந்த சாதனத்துக்கு. விலை குறைந்த போன்களில் பெரும்பாலும் டேட்டா இணைப்பு யூஎஸ்பி 2.0 என்பதால், நீல போர்ட்டில் போட்டாலும் அவை 500-உடன் நின்றுகொள்ளும்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர் என்றால் 2.5 வாட். இன்றைய பல போன்களின் பேட்டரி 5000 மில்லி ஆம்பியர்-ஹவர் (mAh), அதாவது சுமார் 19 வாட்-ஹவர். வீணாகும் சூட்டையும் சேர்த்தால், போனைத் தொடாமல் வைத்திருந்தாலே முழுதாக ஏற 9 மணி நேரம் வரை ஆகும். திரையை வெளிச்சமாக வைத்து வீடியோ பார்த்தாலோ, ஹாட்ஸ்பாட் போட்டு மற்றவருக்கு நெட் கொடுத்தாலோ, வருகிற 2.5 வாட்டில் பெரும்பங்கை, சில சமயம் முழுவதையும், போனே தின்றுவிடும். அப்போது மின்னல் குறி இருக்கும், சதவீதம் இறங்கும். இதில் போனுக்கும் கோளாறு இல்லை, கம்ப்யூட்டருக்கும் இல்லை. வரவைவிடச் செலவு அதிகம், அவ்வளவுதான்.

இதை என் கடை போனிலேயே பார்த்தேன். வாடிக்கையாளர்கள் ஃபைல் அனுப்புகிற வாட்ஸ்அப் நம்பர் அந்தப் போனில்தான் இருக்கிறது. காலையில் கம்ப்யூட்டரின் முன்பக்க போர்ட்டில் நீளமான கேபிள் போட்டுச் செருகி மேஜை மேல் வைத்துவிடுவேன். நாள் முழுக்கச் செருகியே இருந்தும், சாயங்காலம் பார்த்தால் பேட்டரி காலையில் இருந்ததைவிடக் குறைந்திருக்கும். போன் பழசாகிவிட்டது, பேட்டரி மாற்ற வேண்டும் என்றுதான் பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். எனக்கு அது சமாதானமாக இல்லை, ஏனென்றால் வீட்டில் அடாப்டரில் போட்டால் அதே போன் மளமளவென்று ஏறியது.

யூஎஸ்பி மீட்டர் என்று ஒரு சின்னக் கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. போர்ட்டுக்கும் கேபிளுக்கும் நடுவில் செருகினால் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று காட்டும். கடை வைத்திருப்பவர்கள் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம், அதன் விலைக்கு அது நிறையச் சந்தேகத்தைத் தீர்க்கும். அதைப் போட்டுப் பார்த்தபோது முன்பக்க போர்ட்டில் போன் எடுத்தது 0.3 ஆம்பியருக்கும் கீழே. அதே போனை கேபினெட்டின் பின்பக்கம், மதர்போர்டிலேயே (கம்ப்யூட்டருக்குள் இருக்கும் முக்கியப் பலகை) இருக்கும் போர்ட்டில், ஒரு குட்டைக் கேபிளில் செருகியதும் அரை ஆம்பியரைத் தொட்டது.

வித்தியாசம் ஏன் என்றால், முன்பக்க போர்ட் மதர்போர்டில் நேரடியாக இல்லை. உள்ளே ஒரு மெல்லிய வயர் போய் அதைச் சேர்கிறது. அந்த வயர், அதன்மேல் நீளமான கேபிள், இரண்டிலும் வோல்ட் குறைகிறது. மலிவான கேபிளில் மின்சாரம் போகும் கம்பி 28 கேஜ் இருக்கும். ஒரு மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம். போவதற்கு ஒன்று, திரும்புவதற்கு ஒன்று என்று 2 மீட்டர் கேபிளில் 0.85 ஓம் ஆகிவிடும். அரை ஆம்பியர் ஓடினாலே அதில் 0.4 வோல்ட்டுக்கு மேல் காலி. போனுக்குள் இருக்கும் சார்ஜிங் சிப், வருகிற வோல்ட் ஓர் அளவுக்குக் கீழே போகிறது என்று கண்டால் தானாகவே குறைவாக எடுக்க ஆரம்பிக்கும். நிறைய எடுத்தால் போர்ட்டே படுத்துவிடும் என்பதால் அப்படிச் செய்திருக்கிறார்கள். அதே நீளத்தில் 24 கேஜ் கம்பி என்றால் இழப்பு பாதிக்கும் கீழே. சில கேபிள்களின் மேல் தோலில் பொடி எழுத்தில் இந்த கேஜ் எண்ணை அச்சடித்திருப்பார்கள். எண் சிறியதாக இருந்தால் கம்பி தடிமன். கடைக்காரர் "ஃபாஸ்ட் சார்ஜிங் கேபிள்" என்று சொல்வதைவிட அந்த எண்ணை நம்பலாம்.

பின்பக்க போர்ட், குட்டைக் கேபிள், திரை வெளிச்சம் குறைவு. இந்த மூன்றோடு கடை போன் இப்போது இறங்காமல் நிற்கிறது. வாட்ஸ்அப் வெப்புக்காகப் போனைக் கம்ப்யூட்டரோடு கட்டி வைக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்குக் கேபிளே தேவையில்லை. 2021-ல் வந்த மாற்றத்துக்குப் பிறகு போனில் நெட் இல்லாவிட்டாலும் கம்ப்யூட்டரில் அது ஓடும். போனை அவ்வப்போது ஒருமுறை திறந்தால் போதும்.

இதே வகையில் இன்னொரு இடம், ஹப். ஒரு போர்ட்டை நான்காக்கும் சின்னப் பெட்டி. கைரேகை வைக்கும் கருவி, பென் டிரைவ், மவுஸ் எல்லாம் அதில் தொங்கும். அதிலேயே போனையும் செருகுவார்கள். தனி அடாப்டர் இல்லாத ஹப், கம்ப்யூட்டர் கொடுக்கும் அந்த 500-ஐத்தான் எல்லோருக்கும் பங்கு போட வேண்டும். விதிப்படி அதன் ஒவ்வொரு போர்ட்டுக்கும் 100 மில்லி ஆம்பியர்தான். அதில் போன் ஏறவில்லை என்று கவலைப்படுவதைவிடக் கைரேகைக் கருவி நடுவில் அறுந்துபோவது பற்றிக் கவலைப்பட வேண்டும். பாட்டி ஒருவர் தேய்ந்த விரலைத் திரும்பத் திரும்ப வைத்துக்கொண்டிருக்கும்போது, கருவிக்கு மின்சாரம் போதாமல் அது அணைந்தால், கைரேகை பதியவில்லை என்ற பழி அவர் விரல் மேல் விழுகிறது. கைரேகைக் கருவியை மதர்போர்டு போர்ட்டில் நேராகச் செருகுங்கள். ஹப் வேண்டுமென்றால் அடாப்டரோடு வருவதை வாங்குங்கள்.

அடாப்டரில் ஏறுகிறது, கம்ப்யூட்டரில் ஏறவில்லை என்பவர்களிடம் அடுத்து நான் பார்ப்பது கேபிளுக்குள் டேட்டா கம்பி இருக்கிறதா என்று. சாதாரண யூஎஸ்பி கேபிளில் நான்கு கம்பிகள். இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு டேட்டாவுக்கு. சுவரில் செருகும் சாதாரண சார்ஜரில் அந்த டேட்டா முனைகள் இரண்டையும் ஒன்றோடொன்று சேர்த்து வைத்திருப்பார்கள். போன் அதைக் கண்டதும் "இது சார்ஜர், தாராளமாக எடுக்கலாம்" என்று முடிவு செய்யும். கம்ப்யூட்டரில் அப்படி இருக்காது. அங்கே பேசித்தான் அனுமதி வாங்க வேண்டும். ஹெட்செட்டோடும், எமர்ஜென்சி விளக்கோடும் வரும் கேபிள்களில் டேட்டா கம்பியே இல்லாதவை நிறைய. அதைப் போட்டால் போனால் கம்ப்யூட்டரோடு பேச முடியாது. அப்புறம் அந்தந்தப் போனைப் பொறுத்தது. சில போன்கள் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளும், சில சும்மா இருந்துவிடும். சோதிப்பது சுலபம். அதே கேபிளில் போனில் உள்ள போட்டோக்கள் கம்ப்யூட்டரில் திறக்கின்றனவா என்று பாருங்கள். போனில் ஃபைல் டிரான்ஸ்ஃபர் என்று தேர்ந்தெடுக்கும் வரியே வரவில்லை என்றால் கேபிளில் டேட்டா கம்பி இல்லை, அல்லது அறுந்திருக்கிறது.

சில கம்ப்யூட்டர்களில் ஒரு போர்ட்டுக்குப் பக்கத்தில் மட்டும் மின்னல் குறியோ பேட்டரி படமோ போட்டிருப்பார்கள். அது பெரும்பாலும் போன் சார்ஜுக்கென்றே கொஞ்சம் அதிகமாகக் கொடுக்கும் போர்ட். 2010-ல் வந்த சார்ஜிங் விதிப்படி அப்படிப்பட்ட போர்ட் டேட்டாவோடு சேர்த்தே 1.5 ஆம்பியர் வரை தரலாம். லேப்டாப்பை மூடி வைத்தாலும் அந்த ஒரு போர்ட் மட்டும் ஏற்றும்படி பல லேப்டாப்புகளில் பயாஸில் (ஆன் செய்யும்போதே உள்ளே போய் மாற்றும் அடிப்படை அமைப்புகள்) அமைக்க முடியும். மஞ்சள், சிவப்பு நிறப் போர்ட்டுகளைப் பற்றிப் பலவிதமாகச் சொல்கிறார்கள். அந்த நிறங்களுக்குப் பொது விதி எதுவும் இல்லை, மேனுவலில் என்ன போட்டிருக்கிறது என்று பார்ப்பதுதான் சரி.

லேப்டாப் தூங்கப் போனதும் சார்ஜ் நின்றுவிடுகிறது என்பவர்கள் அந்தக் குறி உள்ள போர்ட்டைத் தேடுங்கள், இல்லையென்றால் ஸ்லீப் போகாதபடி வையுங்கள். டெஸ்க்டாப்பில் ஷட் டவுன் செய்த பிறகும் சில மதர்போர்டுகள் மின்சாரம் கொடுக்கும், சில கொடுக்காது. பயாஸில் இஆர்பி (ErP) என்ற மின்சாரச் சிக்கன அமைப்பை ஆன் செய்திருந்தால் பெரும்பாலும் கொடுக்காது. கொடுக்காமல் இருப்பதுதான் கரன்ட் பில்லுக்கு நல்லது என்பதால் நான் அதை மாற்றச் சொல்வதில்லை.

சரி, முதல் வகைக்கு வருவோம். செருகினால் எந்த அடையாளமும் இல்லை. முதலில் போர்ட்டுக்கு உயிர் இருக்கிறதா என்று ஒரு மவுஸைச் செருகிப் பார்க்கிறேன். அடியில் சிவப்பு விளக்கு எரிந்தால் மின்சாரம் வருகிறது. எரியவில்லை என்றால் போர்ட் பக்கம்தான் விஷயம். மதர்போர்டில் யூஎஸ்பிக்கென்று தானாக மீளும் ஃபியூஸ் வைத்திருப்பார்கள். எங்காவது ஷார்ட் ஆனால் அது சூடாகி மின்சாரத்தை நிறுத்தும், ஆறியதும் திரும்ப விடும். கம்ப்யூட்டரை நிறுத்தி, சுவர் ப்ளக்கையே பிடுங்கி, சில நிமிடம் விட்டுப் போடுங்கள். திரும்ப வந்துவிட்டால் நல்லது. மறுபடி மறுபடி போனால் அந்த போர்ட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் பித்தளை நாக்குகள் வளைந்து ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். சில மதர்போர்டுகளில் ஆன் செய்ததும் யூஎஸ்பி ஓவர் கரன்ட் என்று எழுதிக் காட்டிவிட்டு 15 விநாடியில் அணைந்துவிடும். பயந்து மதர்போர்டையே மாற்றுகிறார்கள். பெரும்பாலும் முன்பக்க போர்ட்தான் நசுங்கியிருக்கும். அதன் வயரை உள்ளே மதர்போர்டில் இருந்து கழற்றிவிட்டு ஆன் செய்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

மவுஸ் எரிகிறது, வேறு போன் ஏறுகிறது, இந்தப் போன் மட்டும் ஏறவில்லை என்றால் போனின் வாயைப் பார்க்க வேண்டும். இந்த முதல் வகையில் எங்கள் பகுதியில் இதுதான் அதிகம். அறுவடைக் காலத்தில் களத்தில் நிற்பவர்கள் சட்டைப் பையில் போனை வைத்திருப்பார்கள். நெல் சுணையும் உமித் தூசும் வியர்வையோடு சேர்ந்து அந்தச் சின்ன ஓட்டைக்குள் போய் இறுகிவிடும். ஒவ்வொரு முறை கேபிளைச் செருகும்போதும் அதை இன்னும் உள்ளே தள்ளி அமுக்குகிறோம். கடைசியில் கேபிள் முழுதாக உள்ளே போகாது. செருகிய பிறகும் பின்னின் உலோகம் வெளியே கொஞ்சம் தெரிந்தால், டக் என்று உட்காராமல் வழுக்கி வெளியே வந்தால், அது அழுக்குதான்.

இதற்குக் காய்ந்த தென்னை ஈர்க்குச்சி நல்ல கருவி. நுனியைக் கொஞ்சம் தட்டையாகச் சீவிக்கொள்ளுங்கள். போனை அணைத்துவிட்டு, வாயைக் கீழ்ப்பக்கமாகப் பிடித்து, டைப் சி என்றால் நடுவில் நிற்கும் மெல்லிய நாக்கைத் தொடாமல், அதன் மேலும் கீழும் உள்ள சந்தில் மெதுவாகச் சுரண்டி வெளியே இழுக்க வேண்டும். வரும் அழுக்கைப் பார்த்தால் இவ்வளவும் இதற்குள் எப்படி இருந்தது என்று ஆச்சரியமாக இருக்கும். ஊக்கு, குண்டூசி, சிம் ஊசி எதுவும் வேண்டாம். அந்த நாக்கில் வரிசையாக இருக்கும் தகடுகள் மிக மெல்லியவை, ஊசி ஒன்றைக் கிழித்தாலும் சார்ஜிங் போர்டையே மாற்ற வேண்டி வரும். வாயால் ஊதுவதும் கூடாது, எச்சில் ஈரம் உள்ளே போகும்.

ஈரம் என்றதும் இன்னொன்று. பல போன்களில் சார்ஜ் வாயில் ஈரம் இருந்தால் தண்ணீர்த் துளிப் படம் வந்து, சார்ஜ் ஏறாது என்று எச்சரிக்கும். மழை மட்டும் காரணம் இல்லை. இடுப்பில் செருகி, ரவிக்கைக்குள் வைத்து, வியர்வையில் நனையும் போன்களிலும் வரும். இது போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி, ஏனென்றால் ஈரத்தோடு மின்சாரம் போனால் அந்தத் தகடுகள் பச்சை பூத்து அரித்துவிடும். எங்கள் ஊரில் நனைந்த போனை அரிசிப் பானைக்குள் புதைப்பது எல்லா வீட்டிலும் வழக்கம். ஐபோனுக்கு அப்படிச் செய்யாதீர்கள், அரிசித் துகள் உள்ளே போய்ச் சேதமாக்கும் என்று ஆப்பிள் நிறுவனமே எழுதியிருக்கிறது. மற்றப் போன்களுக்கும் அந்தக் காரணம் பொருந்தும். தவிடு ஒட்டிய அரிசி என்றால் கேட்கவே வேண்டாம். வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து உள்ளங்கையில் மெதுவாகத் தட்டி, காற்றோட்டமான இடத்தில், ஃபேனுக்கு முன்னால் வைத்துவிடுங்கள். ஹேர் டிரையர் சூடு வேண்டாம். அதுவரை அவசர வேலை என்றால் அவருடைய சிம்மை வேறு போனில் போட்டு ஓடிபி வாங்கிக்கொடுத்துவிட்டு, சிம்மைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

முழுக்கச் செத்துப்போன போனைக் கம்ப்யூட்டரில் செருகிவிட்டு உடனே ஆன் செய்யப் பார்ப்பவர்களும் உண்டு. ஆன் ஆகும்போது போன் எடுக்கும் மின்சாரம் அந்த 500-ஐத் தாண்டிவிடும். பேட்டரியிலும் ஒன்றும் இல்லை. கம்பெனி பெயர் வரும், அணையும், திரும்ப வரும், அணையும். அதை அணைந்த நிலையிலேயே விட்டுவிட வேண்டும். முடிந்தால் அடாப்டரில் அரை மணி நேரம். அதற்குள் ஆன் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தால் ஏறியதும் போய்விடும்.

வந்து வந்து போகும் மூன்றாவது வகை பெரும்பாலும் லூஸ் கான்டாக்ட். கேபிளின் கழுத்தை விரலால் மெல்ல வளைத்துப் பார்த்தால் ஒரு கோணத்தில் ஏறும், ஒரு கோணத்தில் நிற்கும். இங்கே எது குற்றவாளி என்று கண்டுபிடிக்க, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். அதே போன், அதே போர்ட், வேறு கேபிள். அப்புறம் அதே கேபிள், வேறு போன். இரண்டையும் ஒன்றாக மாற்றிவிட்டால் சரியாகிவிடும், எது கெட்டது என்று மட்டும் தெரியாது.

டைப் சி போன் வைத்திருப்பவர்கள் ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். பிடிமானம் தரும் ஸ்பிரிங் கேபிளின் முனையில்தான் இருக்கிறது, போனில் இல்லை. தேய்கிற பாகம் மலிவான பக்கம் இருக்கட்டும் என்றே அப்படி வடிவமைத்தார்கள். அதனால் தளர்ந்து ஆடுகிறது என்றால், அழுக்கை எடுத்த பிறகு, முதலில் புதுக் கேபிள் போட்டுப் பாருங்கள். போன் வாயை மாற்றச் சொல்லி யாராவது உடனே சொன்னால் புதுக் கேபிளில் காட்டச் சொல்லுங்கள். டைப் சி இணைப்பு 10,000 முறை செருகி எடுக்கத் தாங்கும் கணக்கில் செய்யப்படுவது. கம்ப்யூட்டரில் இருக்கும் பழைய அகலமான போர்ட்டுக்கு விதி கேட்பது 1,500 முறைதான். எல்லோரும் செருகும் கடைக் கம்ப்யூட்டரில் முதலில் தளர்வது அந்தப் பக்கமாகத்தான் இருக்கும்.

இரண்டு முனையும் டைப் சி ஆக உள்ள கேபிளில் லேப்டாப்பையும் போனையும் இணைத்தால் வேறொரு வேடிக்கை நடக்கும். இரண்டுக்குமே கொடுக்கவும் தெரியும், வாங்கவும் தெரியும். சில சமயம் போன் லேப்டாப்புக்குக் கொடுக்க ஆரம்பித்துவிடும். போனில் மேலிருந்து இழுத்தால் வரும் யூஎஸ்பி அறிவிப்பைத் தொட்டால் யார் யாருக்குக் கொடுப்பது என்று மாற்றும் இடம் இருக்கும். அதைத் திருப்பிவிட்டால் போதும். மலிவான புளூடூத் ஹெட்செட், டார்ச் லைட் போன்றவை இந்தக் கேபிளில் ஏறவே ஏறாமல், பழைய அகல முனைக் கேபிளில் மட்டும் ஏறும். "நான் வாங்குகிறவன்" என்று சொல்ல உள்ளே 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைக்க வேண்டும், காசு மிச்சம் பிடிக்க வைக்காமல் விட்டிருப்பார்கள். கேபிளைக் குறை சொல்லிப் பயனில்லை.

கேபிள் விஷயத்தில் நான் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. அகல முனையிலிருந்து டைப் சி-க்கு வரும் கேபிளில் 56 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்க வேண்டும். "இது சாதாரண போர்ட், அளவாக எடு" என்று போனுக்குச் சொல்வது அதுதான். 10 கிலோ ஓம் போட்டுவிட்டால், 3 ஆம்பியர் எடுக்கலாம் என்று போன் நினைத்துவிடும். பாவம், அந்தப் பழைய கம்ப்யூட்டர் போர்ட் தரக்கூடியது அரை ஆம்பியர். கூகுள் பொறியாளர் பென்சன் லியுங் 2015-ல் இப்படிப்பட்ட கேபிள்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சோதித்து எழுதினார். 2016-ல் தவறாக வயரிங் செய்த ஒரு கேபிள் அவருடைய லேப்டாப்பையே பழுதாக்கியது. தனி மனிதர் ஒருவர் பொறுமையாகச் செய்த அந்த வேலையால் இன்றைக்குக் கேபிள்கள் எவ்வளவோ மேம்பட்டிருக்கின்றன. ஆனாலும் ரோட்டோரம் கட்டுக்கட்டாகத் தொங்கும் கேபிளை வாடிக்கையாளர் போனில் செருக எனக்கு மனம் வருவதில்லை.

சார்ஜ் போட்டபோது மட்டும் டச் ஸ்கிரீன் தாறுமாறாக ஓடுகிறது, போனின் ஓரத்தைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறது என்று சிலர் சொல்வார்கள். கேபினெட்டின் உலோகத்தைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள், அங்கேயும் சுர்ரென்றால் சுவரில் எர்த் இல்லை. கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டிக்குள் உள்ள ஃபில்டர் வழியாக மிகச் சிறிய மின்சாரம் கேபினெட்டின் உலோக உடம்புக்கு வரும். எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும், இல்லாவிட்டால் கேபினெட்டிலும், கேபிள் வழியாகப் போனிலும் நிற்கும். மூன்று பின் ப்ளக்கை இரண்டு பின் சாக்கெட்டில் மாட்டுவதற்கென்று நடுவில் உள்ள எர்த் பின்னை ஒடிப்பவர்கள் உண்டு, தயவுசெய்து செய்யாதீர்கள். எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் குழியைப் பார்க்கச் சொல்லுங்கள். வெயில் காலத்தில் குழி காய்ந்துபோயிருந்தால் தண்ணீர் ஊற்றியதும் சரியாவதை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன்.

வெளியே போய் யாருடைய கம்ப்யூட்டரிலாவது செருகினால், ஃபைல் பார்க்க அனுமதிக்கவா, இந்தக் கம்ப்யூட்டரை நம்பலாமா என்று போன் கேட்கும். சார்ஜ் மட்டும் வேண்டுமென்றால் மறுத்துவிடுங்கள், சார்ஜ் அப்படியே ஏறும். என் கடையிலும் வருபவர்களுக்கு நானே இதைச் சொல்லித்தான் செருகச் சொல்கிறேன். இப்போது ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் தனியாக ஒரு அடாப்டர் மாட்டி, டைப் சி ஒன்றும் பழைய சின்னப் பின் ஒன்றும் வைத்துவிட்டேன். ஓடிபிக்காகக் காத்திருப்பவருக்கு 2.5 வாட்டில் ஏற்றிக் காத்திருக்கச் சொல்வது நியாயம் இல்லை.

வாயைச் சுத்தம் செய்தாயிற்று, நல்ல கேபிள் போட்டாயிற்று, அடாப்டரிலும் ஏறவில்லை என்றால் அதற்கு மேல் சர்வீஸ் கடைதான். பல போன்களில் சார்ஜ் வாய் தனிச் சின்ன போர்டில் இருக்கும், அதை மட்டும் மாற்றலாம், மெயின் போர்டைத் தொட வேண்டியதில்லை. எது மாற்றப்போகிறார்கள், எவ்வளவு ஆகும் என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். பேட்டரியில் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே போட்டோக்களையும் நம்பர்களையும் நெட் வழியாக எடுத்து வைத்துவிடுங்கள்.

போனின் பின்மூடி மேலே தூக்கியிருந்தாலோ, திரை ஓரத்தில் பிளந்து வெளிச்சம் கசிந்தாலோ மேலே சொன்ன எதையும் செய்து பார்க்க வேண்டாம். பேட்டரி உப்பியிருக்கிறது. கம்ப்யூட்டரிலும் போடாதீர்கள், அடாப்டரிலும் போடாதீர்கள். அமுக்கி மூடவோ குத்திக் காற்றை விடவோ கூடாது, தீப்பிடிக்கும். அணைத்து, துணி, காகிதம் இல்லாத தரையில் வைத்திருந்து, அன்றைக்கே பேட்டரி மாற்றும் கடைக்கு எடுத்துப் போங்கள்.